கல்லுக்குள் இருக்கும் கடல்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது மஞ்சக்குட்டை. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரம். காலையில் பனி, மாலையில் மேகம். ஊரின் பெயரிலேயே ஒரு குட்டை இருக்கிறது.

குட்டை என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றை யார் நினைப்பார்கள்? ஆனால் அந்தச் சேறு ஒரு கணக்கப்பிள்ளை! வருஷம் தவறாமல் கணக்கு எழுதி வைக்கிறது.

எப்படி? மலைச் சரிவில் மழை பெய்கிறது. ஓடி வரும் நீர் மண்ணையும் இலையையும் பூந்தூளையும் வாரிக்கொண்டு வந்து குட்டையில் போடுகிறது. நல்ல மழை பெய்த வருஷம் வண்டல் அதிகம். வறண்ட வருஷம் வண்டல் குறைவு. முதலில் வந்தது அடியில். பின்னால் வந்தது மேலே. யாரும் கலைக்காமல் விட்டுவிட்டால், நூறு வருஷத்து மழைக்கணக்கு அடுக்கடுக்காக அங்கே இருக்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. நீலகிரியில் சதுப்பு நிலம் ஒன்று உண்டு. அழுகிய புல்லும் இலையும் கரிச்சேறாகப் படிந்து கிடக்கும் பள்ளம் அது. விஞ்ஞானிகள் ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷும் மற்றச் சிலரும் சேர்ந்து அந்தச் சேற்றைச் சோதித்து, 1993ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுக் கதை அதில் இருந்தது!

ஈரமான காலத்தில் செழிக்கும் செடிகள் ஒரு வகை. வறட்சியைத் தாங்கும் புற்கள் இன்னொரு வகை. இரண்டும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு. செத்து மண்ணான பிறகும் அந்த வித்தியாசம் போவதில்லை. அதைக்கொண்டு எந்தக் காலத்தில் எந்தச் செடி மிகுந்திருந்தது, எந்தக் காலத்தில் மழை பொய்த்தது என்று சொல்லிவிடுகிறார்கள். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் வடபாகத்தைப் பெரும் பனிப்பாளம் மூடிக் கிடந்த காலத்தில், நீலகிரியில் வறட்சி நிலவியது. பின்பு பனி உருகத் தொடங்கியது. இங்கே பருவமழை வலுத்தது.

எங்கோ வடக்கே உருகிய பனிக்கும் நீலகிரியில் முளைத்த புல்லுக்கும் இப்படி ஓர் உறவு!

ஏற்காட்டுக் கல்லில் சிப்பி உண்டா?

இருபதாயிரம் வருஷம் என்பது நமக்குப் பெரிது. பூமிக்கு அது நேற்று. இன்னும் பின்னால் போக வேண்டுமானால் சேறு போதாது; சேறு இறுகிக் கல்லான இடத்துக்குப் போக வேண்டும்.

ஏற்காட்டில் கல்லுக்குக் குறைவில்லை. ஆனால் மஞ்சக்குட்டையில் எந்தப் பாறையை உடைத்தாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் சமாதியில் இந்தக் கல் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. இது தண்ணீருக்கு அடியில் படிந்த கல் அல்ல. பூமியின் வயிற்றில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவான கல். 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயது அதற்கு. சிப்பி, நண்டு, மீன் எதுவும் உலகில் தோன்றாத காலம்!

ஆகவே மலை ஊமையாக நிற்கிறது. மழை நீர் போகும் வழியே கீழே இறங்கினால்தான் கதை தொடரும்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் காவிரியில் கலக்கின்றன. மலையின் மண் காவிரியோடு போய்க் கடலில் படிகிறது. இன்றைக்கு நடக்கும் இந்த வேலைதான் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பும் நடந்தது. ஆறுகள் வேறு, கடற்கரையும் வேறு. மேற்கே இருந்த பாறை மேடுகளிலிருந்து அடித்து வரப்பட்ட மணலும் களிமண்ணும் கிழக்கே ஒரு கடலில் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்தக் கடலின் அடித்தரை இப்பொழுது எங்கே?

ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரியலூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அதன் மேல்தான் போகிறார்கள்!

அரியலூரில் அலை அடித்த காலம்

அரியலூர், பெரம்பலூர், திருச்சி ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது அந்தப் பழைய கடல்தரை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் வந்ததும் போனதும் அங்கே கல்லில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டவில்லை. பூமத்தியரேகைக்குத் தெற்கே, தனித் தீவைப்போல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை பிறக்கவே இல்லை.

காரை என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் களிமண் மேடுகள் மழையால் அரிக்கப்பட்டு, ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கின்றன. மரம் இல்லை. நிழல் இல்லை. முதன்முதலில் பார்க்கிறவர், இது என்ன பாலைவனமா என்று கேட்பார். குனிந்து தரையைப் பார்த்தால் தெரியும். துப்பாக்கித் தோட்டாவைப்போல் நீண்ட கல் துண்டுகள் கிடக்கும். அவை கணவாய் மீனின் பழைய உறவினங்கள். பெலம்னைட் என்று பெயர். சுருண்ட சங்கு போன்ற அம்மோனைட்டுகளும் கிடைக்கும். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட் புதிது அல்ல. நேபாளத்தின் கண்டகி நதியில் எடுக்கப்படும் சாளக்கிராமத்தின் சக்கரமும் அதே குடும்பத்துப் பிராணியின் சுவடுதான்.

இவை கடலில் மட்டும் வாழ்ந்தவை. எனவே இங்கே கடல் இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு ஆழம்? அதையும் கல்லே சொல்லுகிறது. கரைக்குப் பக்கத்தில் பரு மணலும் கூழாங்கல்லும் படியும். அலை எட்டாத ஆழத்தில் நைந்த களிமண் படியும். ஓரிடத்தில் அடியில் மணற்கல், அதன் மேல் களிமண் என்று இருந்தால், கடல் மட்டம் உயர்ந்து கரை உள்ளே தள்ளிப் போனது என்று பொருள். தலைகீழாக இருந்தால், கடல் பின்வாங்கியது என்று பொருள்.

கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் பவழம் இருக்கிறது. வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமில்லாத நீரில்தான் பவழப் பாறை வளரும். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுகை படுகையாகக் கிடக்கின்றன. கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிக்கல்லைத் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல்லைப்போல் பளபளக்கும்; அதை வைத்து அழகுப் பொருள்கள் செய்தார்கள்.

சாத்தனூரிலோ ஒரு முழு மரமே கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம்! 1940ல் இதை வெளி உலகுக்குத் தெரிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநராக வந்த தமிழர். மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்று அத்துறை குறிப்பிடுகிறது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளிய மரம், மண்ணில் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக மாறியது.

கல்லமேடு என்ற ஊருக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. கடல் பிராணிகளைக் காணோம். டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. கடல் விலகி நிலம் தலைகாட்டியிருக்கிறது. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக் கல். கடல் திரும்பி வந்துவிட்டது! ஆனால் அந்தக் கடலில் அம்மோனைட் இல்லை. இடையில், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, உலகம் முழுவதும் ஒரு பேரழிவு நடந்தது. டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் பூண்டோடு அழிந்தன. அந்த அழிவுக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பக்கங்கள் அரியலூர் மாவட்டத்தில் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன.

பாறையைப் படித்தவர் மழையைப் படித்தார்

இந்தக் கல் ஏட்டை முதலில் புரட்டியவர்கள் 1840களில் இங்கு வேலை பார்த்த இரு வெள்ளைக்கார அதிகாரிகள். கே, கன்லிஃப் என்று பெயர். அவர்கள் சேகரித்து அனுப்பிய சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் லண்டனில் ஆராய்ந்து 1846ல் எழுதினார்.

பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1857ல் வேலை தொடங்கியபோது அவருக்கு வயது 23. திருச்சிச் சீமையின் வெயிலில் அலைந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவாகப் பிரித்தார். இன்றும் உலகத்துப் புவியியல் புத்தகங்களில் அந்த ஊர்ப் பெயர்கள்தான் வழங்குகின்றன. ஊட்டத்தூர்க்காரர்களுக்கே இது தெரியுமோ என்னவோ!

அவர் சேகரித்தவற்றையும் மற்றவர்கள் சேகரித்தவற்றையும் ஒவ்வொன்றாக விவரித்துப் பெரிய நூல்களாக எழுதியவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. செக் நாட்டு மண்ணில் பிறந்தவர். 1874ல் யார்கந்து யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் மூச்சு முட்டி மாண்டார். அப்போது வயது 36.

பிளான்ஃபோர்டின் பிற்காலம்தான் வேடிக்கை. அரியலூரில் பழைய கடலைப் படித்த அதே மனிதர், 1875ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஆனார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லா உள்படத் தென்னாட்டில் லட்சம் லட்சமாக மக்கள் மடிந்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, முன்கூட்டி அறிய வழி உண்டா என்ற கேள்வி சர்க்காரை உலுக்கியது. இமயமலையில் பனி மிகுதியாக விழுந்தால் அடுத்த பருவமழை குறையலாம் என்று 1884ல் பிளான்ஃபோர்டு எழுதினார். பருவமழையை முன்னறிவிக்கும் முறை நம் நாட்டில் தொடங்கியது அவரால்தான்.

பாறை ஆராய்ச்சி வேறு, மழை ஆராய்ச்சி வேறு என்று நினைப்பவர்கள் பிளான்ஃபோர்டின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிப்பிக்குள் ஒரு வெப்பமானி

பிளான்ஃபோர்டுக்குத் தெரியாத ஒரு வித்தை இப்போது இருக்கிறது. கடல் இருந்தது, ஆழம் இவ்வளவு என்பதோடு நில்லாமல், நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்றும் சொல்ல முடிகிறது!

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே. நோபல் பரிசு பெற்றவர். தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது. அதில் எடை குறைந்த அணுவும் உண்டு, எடை கூடிய அணுவும் உண்டு. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது கடல் நீரிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்ளும். நீர் குளிர்ந்திருந்தால் எடை கூடியது சற்று அதிகமாகச் சேரும். நீர் சூடாக இருந்தால் குறையும். ஓட்டைச் சோதித்து இரண்டையும் எண்ணினால் அந்தக் காலத்து வெப்பம் தெரியும். 1947ல் யூரே இந்த யோசனையை வெளியிட்டார்.

1951ல் அவரும் தோழர்களும் ஸ்காட்லாந்துப் பக்கத்தில் கிடைத்த பெலம்னைட் ஒன்றை இப்படிச் சோதித்தார்கள். மரத்தின் வளையங்களைப்போல் அதற்குள்ளும் வளையங்கள் இருந்தன. வளையம் வளையமாகச் சுரண்டிச் சோதித்தபோது, செத்து 15 கோடி ஆண்டுக்கு மேல் ஆன அந்தப் பிராணியின் ஜாதகமே வெளிவந்தது. இளமையில் வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்திருக்கிறது. அதன் பிறகு மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டிருக்கிறது. நான்கு வயதில், ஒரு வசந்த காலத்தில் இறந்திருக்கிறது!

திருச்சிச் சீமைப் பெலம்னைட்டுகளையும் இந்த முறையில் சோதித்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இருக்கும் புவியியல் அறிஞர் மு. இராம்குமார் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து, அரியலூர்ப் பாறைகளின் ரசாயனச் சேர்க்கையை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து, கடல் ஏறி இறங்கிய வரலாற்றை எழுதியிருக்கிறார்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

அரியலூரில் அலை அடித்த காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைக்கு இருப்பதைவிட மிக அதிகம். உலகம் வெம்மையாக இருந்தது. துருவங்களில் இன்று காணும் பெரிய பனிப்பாளங்கள் இல்லை. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. 1958ல் காற்றின் ஒவ்வொரு பத்து லட்சம் பங்கிலும் கரியமில வாயு 315 பங்கு அளவில் இருந்தது. 2024ல் அது 420ஐத் தாண்டிவிட்டது. உலகம் சூடேறி வருகிறது. கடல் மெல்ல உயர்ந்து வருகிறது. வெம்மையான உலகத்தில் கடல் எப்படி நடந்துகொள்ளும், மழை எங்கே பெய்யும் என்பதற்கு மனிதன் எழுதி வைத்த சாட்சியம் எதுவும் கிடையாது. அத்தகைய உலகத்தை மனிதன் பார்த்ததே இல்லை. கண்ணால் கண்ட சாட்சி கல் ஒன்றுதான். நாகப்பட்டினத்து மீனவருக்கும் தஞ்சை விவசாயிக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

சாட்சியைச் சூளையில் போடுகிறோம்

அந்தச் சாட்சி இப்பொழுது என்ன ஆகிறது?

சிப்பியும் பவழமும் சேர்ந்து உண்டான சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டுக்கு மூலப்பொருள். டால்மியாபுரத்தில் 1939ல் ஆலை வந்தது. பின்பு அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. லாரி லாரியாகக் கல் போகிறது. அரைக்கிறார்கள். சுடுகிறார்கள். கூரை வீடு மாடி வீடாகிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எல்லோர் வீட்டிலும் சிமெண்டு இருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால், அதிலிருந்து மட்டும் 440 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கோடி ஆண்டுகளுக்கு முன் சிப்பி தன் ஓட்டில் பூட்டி வைத்த கரி அது!

சுரங்கம் வெட்டுவதால் நன்மையும் உண்டு. தரைமேல் கிடக்கும் சிப்பி வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போனது. அதைச் சோதித்தால் தப்பான வெப்பம் காட்டும். ஆழத்தில் கிடக்கும் புதுக்கல்லில்தான் கெடாத சிப்பி கிடைக்கும். சுரங்கத்தின் செங்குத்தான சுவரில் அடுக்குகள் வரிசை மாறாமல் தெரியும். ஆராய்ச்சிக்காரருக்கு அது பொக்கிஷம். ஆனால் இன்றைக்குத் தெரியும் சுவர் நாளைக்கு இருக்காது. வேலை முடிந்த குழியில் மழைநீர் நிரம்பிக்கொள்கிறது, சுவர் முழுகிவிடுகிறது. திறந்த பக்கத்தைப் படிப்பதற்குள் கிழித்து அடுப்பில் போட்டதுபோல் ஆகிறது.

கவனிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லமேடே சாட்சி. அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் 1987ல் விவரித்து, பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். உலகிலேயே மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாக இருக்கலாம் என்று பின்னால் பேச்சு எழுந்தது. எடுத்துப் பார்த்து உறுதி செய்ய எலும்பு எங்கே? மண்ணோடு மண்ணாக உதிர்ந்துவிட்டது! சில படங்களும் வரைபடங்களும்தான் மிச்சம்.

மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். முட்டை அல்ல, கடல் படிவக் கல் என்று விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் கேட்க ஜனங்கள் இருக்கிறார்கள்.

சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல காரியங்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்த சிப்பி, எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், பாதி ஊமை. ஏட்டிலிருந்து கிழித்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியுமா? அடுக்கோடு இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சுண்ணாம்புச் சுரங்கத்திலும், அடியிலிருந்து மேல்வரை அடுக்குகள் முழுவதும் தெரியும்படி ஒரு சுவரை மட்டும் வெட்டாமல் விட வேண்டும். குத்தகைப் பத்திரத்திலேயே இதை நிபந்தனையாக எழுதலாம். குழியை மூடுவதற்கு முன்னால் சேலம், திருச்சிக் கல்லூரி மாணவர்கள் வந்து அடுக்குக்கு அடுக்கு மாதிரிக் கல் எடுக்கவும் படம் பிடிக்கவும் அனுமதி கொடுக்க வேண்டும். எடுத்த கல்லை அடுக்கு எண், இடம், தேதி எழுதி அரியலூரிலேயே பாதுகாக்க வேண்டும். காரை ஓடைகளில் லாரியும் மண்வெட்டியும் நுழையாமல் சர்க்கார் எல்லைக்கல் நட வேண்டும்.

மழைக்காலம் வந்துவிட்டால் பழைய குழிகளில் நீர் ஏறிவிடும். சுவர்களை அளந்து குறிப்பதற்கு ஏற்ற காலம், தை முதல் வைகாசி வரைக்கும்தான்.